கஞ்சா மருந்துக் கடை: அடிக்கணக்கு எங்கிருந்து எங்கே?

கேள்வி: கலிஃபோர்னியாவில் மகள் வீட்டருகே உள்ள பிளாசாவில் (கடைகள் சேர்ந்த வளாகம்) மருத்துவக் கஞ்சா கடை திறக்க விண்ணப்பித்திருக்கிறார்கள். பள்ளியிலிருந்து 600 அடிக்குள் கூடாதாமே? பேரன் பள்ளி வாசலிலிருந்து கடை வாசலுக்கு போன் மேப்பில் 800 அடி வருகிறது. அப்படியானால் கடை வந்துவிடுமா?

பதில்: போன் காட்டும் கணக்கு இங்கே செல்லாது. அது நடந்து போகும் தூரம். சட்டம் அளப்பது பள்ளி மனையின் எல்லைக் கோட்டிலிருந்து கடை இருக்கும் மனையின் எல்லைக் கோடு வரை, நேர்கோட்டில். நடுவில் மதில், சாலை, கட்டடம் எது இருந்தாலும் கணக்கில்லை.

பலர் கோட்டைவிடுவது பிளாசா விஷயத்தில்தான். முழு பிளாசாவும் ஒரே மனையாக இருந்தால், கார் நிறுத்துமிடத்தின் கடைசி ஓரமே எல்லை. பள்ளிப் பக்கம் விளையாட்டு மைதானத்தின் வேலி எல்லையாக இருக்கலாம். வாசலுக்கு வாசல் 800 அடி இருப்பது, வேலிக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும் 450 அடியாகச் சுருங்கிவிடும். கவுன்ட்டி அசெஸர் அலுவலகத்தின் (சொத்து வரிக்காக மனைகளை மதிப்பிடும் மாவட்ட அலுவலகம்) மனை வரைபடத்தில் இரண்டு மனைகளின் எண்களையும் எடுத்து அளந்து பாருங்கள்.

அதற்கும் முன்னால் நகர விதியைப் படியுங்கள். 600 அடி என்பது மாநிலம் வைத்த அளவு. நகரம் அதைக் கூட்டலாம், குறைக்கவும் செய்யலாம். இன்னொன்று: உரிமம் கொடுக்கும் நாளில் பள்ளி இருந்திருக்க வேண்டும். பிறகு வந்த பள்ளி இந்தக் கணக்கில் சேராது.

கேள்வி: எதிரிலேயே பரதநாட்டிய வகுப்பும் ஞாயிறு தமிழ் வகுப்பும் நடக்கின்றன. கோயிலும் உண்டு. இவற்றைக் காட்டித் தடுக்கலாமா?

பதில்: மாநிலப் பட்டியலில் இருப்பவை மூன்று: 12ஆம் வகுப்பு வரையிலான பள்ளி, குழந்தைகள் காப்பகம், இளையோர் மையம். தனியார் பாலே, இசை, கராத்தே வகுப்புகள் இளையோர் மையம் ஆகாது என்று மாநில விதியே சொல்கிறது. பரதத்துக்கும் அதே கதிதான். வாரம் ஒருநாள் தமிழ் வகுப்பைப் பள்ளி என்று வாதிடுவதும் எடுபடாது. கோயில் மாநிலப் பட்டியலில் இல்லை. நகர விதியில் வழிபாட்டுத் தலம் சேர்க்கப்பட்டிருந்தால் மட்டும் பயன்படும்.

கேள்வி: கடை அனுமதி பற்றிய நகர விசாரணைக்கான நோட்டீஸ் எங்களுக்கு வரவில்லை. எங்கள் கருத்தை எப்படிப் பதிவது?

பதில்: நிபந்தனை அனுமதி முறை (பொது விசாரணை நடத்தி, நிபந்தனைகளோடு அனுமதி தருவது) உள்ள ஊர்களில், விசாரணைக்கு குறைந்தது 10 நாள் முன்னதாக, 300 அடிக்குள் உள்ள மனை உரிமையாளர்களுக்குக் கடிதம் போக வேண்டும். வாடகைக்கு இருப்பவருக்கு அனுப்ப மாநிலச் சட்டம் சொல்லவில்லை. அதனால் இந்த விசாரணையை நடத்தும் நகரத் திட்டக் குழுவின் கூட்ட நிரலை நீங்களே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே அதை வெளியிட்டாக வேண்டும்.

யார் வேண்டுமானாலும் பேசலாம். ஆனால் எழுதியும் கொடுத்துவிடுங்கள். விசாரணையிலோ அதற்கு முந்தைய கடிதத்திலோ எழுப்பப்படாத பிரச்சினையைப் பொதுவாகப் பிறகு கோர்ட்டில் கிளப்ப முடியாது. முடிவான நாளிலிருந்து 90 நாளுக்குள் வழக்குப் போட்டு, நகரத்துக்குச் சம்மனும் சேர்ந்திருக்க வேண்டும். போட்டால் மட்டும் போதாது.

“கஞ்சா கெட்டது” என்று பேசுவது வீண். மனை அளவு, பார்க்கிங், கடை நேரம், காவலர், வாடை வெளியேறாமல் வடிகட்டும் அமைப்பு, இவற்றைப் பேசுங்கள். கடை வந்தாலும் அனுமதியில் இவை நிபந்தனையாக ஏறலாம்.

கேள்வி: எங்கள் நகரம் கடைகளையே தடை செய்துவிட்டது. மருத்துவர் பரிந்துரை பெற்ற நோயாளி என்ன செய்வது?

பதில்: நகரங்கள் மண்டல விதியாலேயே (எந்த இடத்தில் எது வரலாம் என்று சொல்லும் விதி) கடைகளைத் தடை செய்யலாம் என்று 2013இல் ரிவர்சைடு நகர வழக்கில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் 2024 ஜனவரி 1 முதல், மருத்துவக் கஞ்சாவை நோயாளியின் வீட்டுக்குக் கொண்டுவந்து தருவதை எந்த நகரமும் தடுக்க முடியாது. 21 வயது நிரம்பியவர் வீட்டுக்குள் 6 செடி வரை வளர்ப்பதையும் நகரம் அடியோடு தடுக்க முடியாது. வீட்டுக்காரர் தடுக்கலாம், வாடகை ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டுத் தொட்டியை வாங்குங்கள்.