பல்லாங்குழி: புளியங்கொட்டை போதும்

கேள்வி: செலவில்லாமல் வீட்டிலேயே பிள்ளைகளோடு என்ன விளையாடலாம்?

என் பதில் பல்லாங்குழி. வரிசைக்கு 7 என இரண்டு வரிசையில் 14 குழி. குழிக்கு 5 முத்து (புளியங்கொட்டை) என்றால் மொத்தம் 70. நம் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். கை காலியானதும் அதற்கடுத்த குழியை அள்ளித் தொடரலாம். அது வெறும் குழியாக இருந்தால், அதைத் துடைத்துவிட்டு அதற்கு அடுத்ததில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம், ஆட்டம் எதிராளிக்குப் போகும். மதுரைப் பக்கம் வீட்டுக்கு வீடு விதி கொஞ்சம் மாறும். அதனால் முதலில் அப்பத்தாவிடம் கேளுங்கள்.

இந்த ஆட்டத்தில் பிள்ளைக்குக் கணக்கும் பழகும். எப்படி? பந்தியில் இலைக்கு ஒரு வடை வைத்துக்கொண்டே போகிறவருக்கு, எந்த இலையோடு தீரும் என்று முன்பே தெரிய வேண்டுமல்லவா? கையில் உள்ள முத்து எந்தக் குழியோடு தீரும் என்பதும் அதே கணக்குதான். அள்ளுமுன் பிள்ளையின் கண் குழி குழியாக ஓடுவதையும், உதடு முணுமுணுப்பதையும் பாருங்கள். அவ்வளவு ஆசையாக இருக்கும்!

பங்குனி, சித்திரையில் புளி தட்டும்போது கொட்டையை எடுத்து வையுங்கள். வாயில் போடும் வயதுக் குழந்தைக்கு மட்டும் வேண்டாம்.

மரப்பலகை இல்லாமல் ஆட முடியாது என்று பலர் நினைக்கிறார்கள்; திண்ணையில் சாக்பீஸால் 14 வட்டம் போட்டாலே ஆடலாம்.