ஜிபிஎல் நிரலில் அப்பாச்சி கோடைச் சேர்க்கலாமா?

கேள்வி: நான் எழுதிய பில்லிங் மென்பொருளை ஜிபிஎல் 2 உரிமத்தில் வெளியிட்டிருக்கிறேன். அப்பாச்சி 2.0 உரிமம் கொண்ட ஒரு லைப்ரரியிலிருந்து ஒரேயொரு ஃபைலை எடுத்துச் சேர்க்கலாமா? இரண்டுமே ஓப்பன் சோர்ஸ்தானே?

பதில்: ஓப்பன் சோர்ஸ் என்பதாலேயே இரண்டும் ஒத்துப்போய்விடாது. ஜிபிஎல் நிரலோடு கலந்து வெளியிடும் கோடு முழுவதும் ஜிபிஎல் விதிகளுக்குள் அடங்க வேண்டும். முதலில் உங்கள் ஃபைல்களின் உச்சியில் உள்ள கமெண்டைப் படியுங்கள். "பதிப்பு 2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு" என்று இருக்கிறதா? அப்படியானால் தாராளமாகச் சேர்க்கலாம். சேர்த்ததை மொத்தமாக ஜிபிஎல் 3இன் கீழ் வெளியிட வேண்டும், அவ்வளவுதான்.

"பதிப்பு 2 மட்டும்" என்றிருந்தால்தான் சிக்கல். அப்பாச்சி 2.0இல் பேட்டன்ட் (கண்டுபிடிப்புக்கான காப்புரிமை) தொடர்பான ஒரு விதி உண்டு: "இந்த நிரல் என் பேட்டன்ட்டை மீறுகிறது" என்று நீங்கள் வழக்குப் போட்டால், அந்த நிரலுக்காக உங்களுக்குக் கிடைத்த பேட்டன்ட் அனுமதி போய்விடும். 1991இல் வந்த ஜிபிஎல் 2 தன்னிடம் இல்லாத கூடுதல் நிபந்தனை எதையும் ஏற்காது. 2007இல் வந்த ஜிபிஎல் 3 இதற்கு இடம் கொடுத்துவிட்டது. கம்பைலர் கருவிகளை உருவாக்கும் எல்எல்விஎம் திட்டம் அப்பாச்சி உரிமத்துக்கு மாறியபோது, இந்த முட்டல் வரக்கூடாதென்றே தனி விதிவிலக்கு ஒன்றைச் சேர்த்துக்கொண்டது. நீங்கள் எடுக்கும் லைப்ரரியிலும் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

நிரல் முழுக்க நீங்கள் எழுதியதுதான் என்றால், உரிமத்தை நீங்களே மாற்றிக்கொள்ளலாம். மற்றவர்கள் அனுப்பிய பேட்ச் (நிரல் திருத்தம்) உள்ளே இருந்தால் ஒவ்வொருவரிடமும் சம்மதம் வாங்க வேண்டும். பழைய ஆட்களைத் தேடிப் பிடிப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். அதற்கு, நிபந்தனைகள் மிகக் குறைந்த எம்ஐடி உரிமத்தில் வேறு லைப்ரரி கிடைக்கிறதா என்று பார்ப்பது மேல்.

"ஒரே ஒரு ஃபைல்தானே" என்பதும் செல்லாது. ரூபி நிரல்மொழியில் ஃபைலின் வகையைக் கண்டறியும் மைம்மேஜிக் லைப்ரரி எம்ஐடி உரிமத்தில் இருந்தது. உள்ளே இருந்த ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல் ஜிபிஎல் உடையது என்று 2021 மார்ச்சில் தெரியவந்ததும், பழைய பதிப்புகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதை நம்பியிருந்த ரெயில்ஸ் (ரூபியில் இணையச் செயலிகள் எழுத உதவும் கட்டமைப்பு) திட்டங்கள் பலவற்றில் இன்ஸ்டாலே ஆகவில்லை.

சரி, சேர்க்க முடிகிறது என்றே வைத்துக்கொள்வோம். அந்த ஃபைலில் உள்ள பதிப்புரிமை வரிகளை அழிக்காதீர்கள். திருத்தினால், திருத்தியதாக அதிலேயே குறியுங்கள். அப்பாச்சி உரிமத்தின் நகலையும், லைப்ரரியோடு 'நோட்டீஸ்' என்ற ஃபைல் வந்திருந்தால் அதிலுள்ள அறிவிப்புகளையும் கூடவே கொடுங்கள்.