பதில்: இரவு வியர்வைக்கு டாங் குவாய் குடிக்கலாமா?

அக்கா, பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி கொடுத்த டாங் குவாய் வேரைக் கொதிக்கவைத்துக் குடித்தால் மாதவிடாய் நின்றபின் வரும் உடல் சூடும் இரவு வியர்வையும் அடங்குமா என்று கேட்டிருந்தீர்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுவதைக் கடைசி வரியில் போகிறபோக்கில் சொல்கிறீர்கள். முதலில் சொல்ல வேண்டியதே அதுதான்!

குடிக்காதீர்கள். இந்த வேர் அந்த மாத்திரையின் வேகத்தைக் கூட்டி, ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடலாம். ஏற்கெனவே குடித்திருந்தால் நாளைக்கே மருத்துவரிடம் சொல்லி ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துவிடுங்கள். சிங்கப்பூரில் கிடைக்கும் மூலிகை சூப்புகளிலும் இது இருக்கும், கவனம்.

சீன வைத்தியர்கள் பொதுவாக இதைத் தனியாகக் கொடுப்பதில்லை. 1950களில் ஷாங்காயில் உருவான 'அர் சியான் டாங்' கஷாயத்தின் ஆறு மூலிகைகளில் இதுவும் ஒன்று. அதனால் அதுவும் உங்களுக்கு ஆகாது. தனியாகக் கொடுத்துப் பார்த்த 1997 அமெரிக்க ஆய்வில், 24 வாரம் கழித்தும் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட மேலாக எதுவும் தெரியவில்லை.

அக்குபங்சர்? 2016 ஆஸ்திரேலிய ஆய்வில் நிஜ ஊசி, போலி ஊசி இரண்டிலுமே தொல்லை சுமார் 40 சதவீதம் குறைந்தது. அதாவது, நிஜ ஊசிக்கென்று தனிப் பலன் தெரியவில்லை. ஆசைப்பட்டால் போங்கள், ஆனால் பதிவுபெற்ற வைத்தியரிடம், வார்ஃபரின் பற்றிச் சொல்லிவிட்டு. அப்புறம், ஹார்மோன் இல்லாத மாத்திரைகளும் உண்டு. உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.