மடியில் கனம் இல்லையென்றால் போதுமா?

கேள்வி: கடலுக்கடியில் போகும் கேபிள்களையே ஒட்டுக்கேட்கிறார்களாமே! துபாயில் இருக்கும் மகனோடு தினமும் பேசுகிறேன். கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம்?
- வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: அந்தப் பழமொழி இங்கே செல்லாது ஐயா. வாளையார் செக்போஸ்டில் எக்சைஸ்காரர் உங்கள் பையைத் திறக்கச் சொன்னால், திறப்பது யாரென்று தெரிகிறது. அத்துமீறினால் புகார் கொடுக்கலாம். கேபிளில் கை வைப்பவரை நீங்கள் பார்க்கவே போவதில்லை.

1971-ல் அமெரிக்கக் கடற்படையின் 'ஹாலிபட்' நீர்மூழ்கி, சோவியத்துக்குச் சொந்தமான கேபிளைத் தேடி, ரஷ்யாவின் கிழக்குக் கரையோரம் உள்ள ஒகோட்ஸ்க் கடலுக்குள் நுழைந்தது. சுமார் 120 மீட்டர் ஆழத்தில் டைவர்கள் இறங்கி, கேபிளின் மேல் ஒரு கருவியைப் பொருத்தினார்கள். கேபிளில் ஒரு கீறல்கூட இல்லை. செம்புக் கம்பியில் பேச்சு ஓடும்போது சுற்றிலும் எழும் காந்தப்புலம் போதும், அதை வைத்தே டேப்பில் பதிவாகிவிடும். டேப்பை எடுக்க மறுபடி மறுபடி ஆள் இறங்கினார்கள். அமெரிக்க உளவு அமைப்பில் வேலை பார்த்த ரொனால்ட் பெல்ட்டன் 1980-ல் 35,000 டாலருக்கு ரகசியத்தை விற்ற பிறகுதான் சோவியத்துக்கு விஷயமே தெரிந்தது. ஒரு வல்லரசின் கடற்படைக்கே இந்தக் கதி!

இன்றைய கேபிளில் ஓடுவது ஒளி. ஆழ்கடலில் போய் அதைத் தொடுவது பெரும்பாடு. அதனால் கேபிள் கரையேறும் இடமே வசதி. பிரிட்டனின் உளவு அமைப்பு அப்படித்தான் செய்தது என்பதை 2013-ல் அமெரிக்க உளவு அமைப்புக்கு ஒப்பந்த ஊழியராக வேலை பார்த்த எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள் காட்டின. பேச்சும் எழுத்தும் 3 நாள், யார் யாரோடு எப்போது தொடர்புகொண்டார் என்ற விவரம் 30 நாள் அங்கே சேமிக்கப்பட்டன. வாட்ஸ்அப் பேச்சு, நடுவில் எடுப்பவருக்குப் புரியாதபடி பூட்டுப் போட்டே போகிறது, சரி. சாதாரண போன் அழைப்புக்கு அந்தப் பூட்டு கிடையாது.

நமக்கும் கொச்சியில், சென்னையில், மும்பையில் கேபிள்கள் கரையேறுகின்றன. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். ஆனால் இங்கே ஒட்டுக்கேட்க மத்திய அரசில் உத்தரவு போடுவது உள்துறைச் செயலர். அதைச் சரிபார்ப்பது கேபினட் செயலர் தலைமையிலான குழு. இரண்டு பக்கமும் அரசு அதிகாரிகள்தான், நீதிபதி ஒருவர்கூட இல்லை. அடுத்த முறை உங்கள் எம்.பி. ஓட்டுக் கேட்டு வரும்போது, அந்தக் குழுவில் ஏன் ஒரு நீதிபதி இல்லை என்று அவரிடம் கேளுங்கள்.