தரம் 3இல் பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?

வணக்கம் ஐயா,

என் மகள் தரம் 3 படிக்கிறாள். கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் அக்காவின் மகனும் அதே வகுப்புத்தான். மொழியிலும் சமூகக் கல்வியிலும் ஆண்டு முடிவதற்குள் பிள்ளைக்கு என்னென்ன வர வேண்டும் என்று ஒன்ராறியோ மாகாண அரசு வெளியிட்ட பட்டியலை அக்கா அனுப்பினார். 1780 முதல் 1850 வரை கனடாவில் வெவ்வேறு சமூகத்தார் எப்படி வாழ்ந்தார்கள் என்று அவன் ஆராய்கிறானாம். இவளோ புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாளில் விடைகளுக்குக் கீழே கோடு போட்டுக்கொண்டிருக்கிறாள். இலங்கையில் அப்படி எதுவும் இல்லையா? இப்போதே ரியூசனுக்கு அனுப்பட்டுமா?

ஒரு தாய், உப்புவெளி

அன்புள்ள சகோதரிக்கு,

இருக்கிறது. வகுப்பாசிரியரிடம் கேளுங்கள், தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டியைக் காட்டுவார். தரம் 1, 2 ஒரு நிலை, 3, 4 அடுத்த நிலை, 5 மூன்றாம் நிலை. ஒவ்வொன்றின் முடிவிலும் பிள்ளை அடைய வேண்டிய அத்தியாவசியத் தேர்ச்சிகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. சமூகக் கல்வி என்று தனிப்பாடம் தேடினால் அகப்படாது. வரலாறும் புவியியலும் தரம் 6இல்தான் வருகின்றன. அதுவரை ஊரும் தொழிலும் மனிதரும் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளுக்குள் அடங்கிவிடுகின்றன. எனக்கு இந்த ஏற்பாடு பிடிக்கும். எட்டு வயதில் மொழியையும் ஊரையும் தனித்தனியாகப் படிக்க வேண்டியதில்லை.

ஆனால் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை இரண்டு வருடம் முன்னதாகவே வகுப்பறைக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது. வசதியற்ற, திறமையுள்ள பிள்ளைகள் மத்திய கல்லூரிகளில் படிக்க வழிசெய்வதற்காக, அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டத்தோடு வந்தது அது. இன்று பிரபல பாடசாலையில் இடம் பிடிக்கும் ஓட்டமாகிவிட்டது. ஓட்டத்தில் பெற்றோரே முன்னால் ஓடுகிறோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

உங்கள் பெறாமகன் ஒன்ராறியோவில் நிலம் எப்படிப் பயன்படுகிறது, மக்கள் என்ன தொழில் செய்கிறார்கள் என்றும் படிப்பான். உங்கள் மகளுக்கு அதே பாடம் கடற்கரையில் இருக்கிறது. வருட நடுப்பகுதியில் மேற்குக் கரையின் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் நம் திருகோணமலை மாவட்டக் கரையோரத்தில் வாடி என்னும் தற்காலிகக் குடில் அமைத்துத் தங்குகிறார்கள். ஏன் வருகிறார்கள் என்று கேட்டு வரச் சொல்லுங்கள். தென்மேல் பருவக்காற்றில் அவர்கள் பக்கத்துக் கடல் கொந்தளிக்கும்போது நம் கடல் அடங்கியிருக்கும் என்று யாராவது சொல்வார்கள். வாடைக்காற்று தொடங்கினால் நிலைமை மாறிவிடும். பாடசாலையில் படித்த சிங்களத்தில் ஒருவருடைய பெயரையும் ஊரையும் அவளே கேட்கட்டும். தப்பாகக் கேட்டாலும் பரவாயில்லை. வீட்டுக்கு வந்ததும் வரைபடத்தில் நீர்கொழும்பைத் தேடிவிட்டு ஐந்தாறு வசனம் எழுதட்டும். 'மீன்பிடி ஒரு சிறந்த தொழிலாகும்' என்று தொடங்கினால், கரையில் எதைக் கண்டாய் என்று மறுபடி கேளுங்கள். எழுத்துப்பிழையை அப்புறம் பார்க்கலாம்.

ரியூசன் இப்போது வேண்டாம். முன்பின் பார்த்திராத கதை ஒன்றின் ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி, புத்தகத்தை மூடிவிட்டு, என்ன நடந்தது என்று கேளுங்கள். தன் சொல்லில் சொல்லிவிட்டால் கவலையை விடுங்கள். எழுத்துக் கூட்டி வாசித்துத் திணறினால் ஆசிரியரைத் தனியே சந்தித்துப் பேசுங்கள். அவளுக்கு வேண்டியது தினமும் கால் மணி நேரம் பக்கத்தில் இருந்து வாசிக்க ஓர் ஆள். வினாத்தாள் தொகுப்பை அதுவரை அலுமாரியில் வைத்துவிடலாம்.