கருணையை அளக்க முடியாதென்று திரும்பிய விண்ணப்பம்

வணக்கம். கொழும்பில் அரச மருத்துவமனைத் தாதியருக்கு எட்டு வார மைத்திரி தியானப் பயிற்சி (தன்னிடமும் பிறரிடமும் அன்பை வளர்க்கும் பௌத்தத் தியானம்) அளித்து ஆராய நீங்கள் கேட்ட நிதி, "கருணையை அளக்க முடியாது" என்ற ஒரே வரியுடன் மறுக்கப்பட்டதாக எழுதியிருந்தீர்கள். அந்த வரி தவறானது. எனினும், நீங்கள் இங்கே இட்டிருந்த விண்ணப்பச் சுருக்கமே அதற்கு இடம் கொடுத்திருக்கிறது.

பிறர் துயரைத் தானும் உணர்வதையும் கருணையையும் நீங்கள் ஒன்றாகவே கையாண்டிருக்கிறீர்கள். ஓல்கா கிளிமெக்கி, தானியா சிங்கர் முதலியோர் 2014 இல் வெளியிட்ட மூளைப்படிம ஆய்வில், துயரை உணரும் பயிற்சி எதிர்மறை உணர்வைக் கூட்டியதும், அதே ஆட்களுக்குப் பின்னர் அளித்த கருணைப் பயிற்சி அதனைத் தணித்து நேர்மறை உணர்வை வளர்த்ததும் பதிவாகியுள்ளன. நாள்தோறும் வலியைப் பார்த்துச் சோர்ந்துபோகும் தாதியரைப் பற்றிய உங்கள் கேள்விக்கு இவ்வேறுபாடே உயிர்நாடி என்பதால், அதனை முதற்பக்கத்திலேயே வையுங்கள்.

பயிற்சியே பெறாத குழுவுடன் மட்டும் ஒப்பிடுவது போதாது. அதே அளவு நேரம் தசைத்தளர்வுப் பயிற்சி பெறும் குழுவொன்றும் வேண்டும். வினாக்கொத்தை மட்டும் நம்பாமல் நடத்தையையும் அளவிடுங்கள்.

உள்ளூர் நிதியோடு நில்லாமல், தியானம் பற்றிய அறிவியல் ஆய்வை ஊக்குவிக்கும் மைண்ட் அண்ட் லைஃப் நிறுவனம் 2004 இல் தொடங்கிய, அதன் நிறுவனர்களுள் ஒருவரான நரம்பியல் அறிஞர் பிரான்சிஸ்கோ வரேலாவின் பெயரிலான மானியத்தின் நடப்பு நிபந்தனைகளையும் பாருங்கள். ஒழுக்கவியல் மீளாய்வுக் குழுவின் அனுமதிக்கு இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.