உலகத்தில் சனம் பெருகுகிறது, எங்கள் பள்ளிக்கூடத்தில் தரம் 1-க்குப் பிள்ளை இல்லை: இரண்டும் எப்படிச் சரியாகும்?

கோண்டாவிலில் இருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார். மகன் உயர்தரத்தில் புவியியல் படிக்கிறான், உலக சனத்தொகையும் நாடுகளின் அபிவிருத்தியும் பற்றி ஒப்படை ஒன்று கொடுக்கவேண்டுமாம். "ஒரு புத்தகத்தில் உலக சனத்தொகை 780 கோடி, இன்னொன்றில் 800 கோடி. இலங்கையை ஒரு இடத்தில் உயர் மனித அபிவிருத்தி நாடு என்கிறார்கள், இன்னோர் இடத்தில் கீழ் நடுத்தர வருமான நாடு என்கிறார்கள். உலகம் முழுக்கச் சனம் கூடுது என்று படிக்கிறான், ஆனால் நான் படித்த ஆரம்பப் பாடசாலையில் தரம் 1-க்குச் சேரப் பிள்ளை இல்லை. இதில் எதை எழுதச் சொல்வது?"

எல்லாவற்றையும் எழுதலாம் சகோதரி. நீங்கள் சொன்னவற்றில் ஒன்றுகூடப் பிழை இல்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் எந்த ஆண்டு, எந்த இடம், எதை எண்ணியது என்ற மூன்றையும் போட்டுவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும். புள்ளிகள் பறிபோவதும் பெரும்பாலும் இந்த மூன்றையும் விட்டுவிடுவதால்தான்.

முதலில் 780-ஐயும் 800-ஐயும் பார்ப்போம். முதலாவது 2020-க்கான கணக்கு. 800 கோடியைத் தொட்ட நாளாக ஐக்கிய நாடுகள் சபை குறித்தது 2022 நவம்பர் 15. 2025 நடுப்பகுதிக்கு எடுத்தால் சுமார் 820 கோடி. யாரும் வீடு வீடாகப் போய் உலகத்தை ஒரே நாளில் எண்ணுவதில்லை. நாடுகளின் குடிசன மதிப்பீடு, பிறப்பு இறப்புப் பதிவு, மாதிரி ஆய்வுகள் எல்லாவற்றையும் சேர்த்து மதிப்பிடுகிறார்கள், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்துகிறார்கள். இணையத்தில் வினாடிக்கு வினாடி ஓடுகிற எண்ணும் அப்படித்தான், ஏற்கனவே மதிப்பிட்ட வேகத்தில் கம்பியூட்டர் ஓட்டுகிற எண் அது. ஒப்படையில் அதைப் பார்த்து கடைசி இலக்கம் வரை எழுதத் தேவையில்லை.

அடுத்தது, இந்தப் பாடத்தில் அதிகம் குழம்புகிற இடம். உலக சனத்தொகை 100 கோடியைத் தொட்டது 1804 அளவில், 200 கோடி ஆனது 1927 அளவில், அதாவது இரண்டாவது 100 கோடிக்கு நூற்றிருபது வருடத்துக்கு மேல் எடுத்தது. 700 கோடியிலிருந்து 800 கோடிக்கு வர 11 வருடம்தான். இதைப் பார்த்தவுடன் "வளர்ச்சி வீதம் கூடிக்கொண்டே போகிறது" என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையில் வீதம் குறைந்துகொண்டு வருகிறது. 1960-களில் ஆண்டுக்கு 2 சதவீதத்தைத் தாண்டி உச்சத்தில் நின்றது, இன்று 1 சதவீதத்துக்கும் கீழே. மகனை ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்: 300 கோடியில் 2 சதவீதம் 6 கோடி, 800 கோடியில் 0.9 சதவீதம் 7 கோடியே 20 இலட்சம். வீதம் பாதிக்கும் கீழே போனபிறகும் வருடா வருடம் சேருகிற தலைகள் கூடத்தான் இருக்கும், ஏனென்றால் அடித்தொகை அவ்வளவு பெருத்துவிட்டது. இந்த இரண்டு வரிக் கணக்கை ஒப்படையில் அப்படியே போடலாம், விளங்கித்தான் எழுதியிருக்கிறான் என்று ரீச்சருக்குத் தெரியும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 பிள்ளை என்பதுதான் ஒரு தலைமுறை தன் இடத்தைத் தானே நிரப்புகிற அளவு. இந்தியா 2019–21 ஆய்விலேயே 2.0-க்கு இறங்கிவிட்டது, ஆனாலும் அங்கே சனத்தொகை இன்னும் கூடுகிறது. முந்திய தலைமுறையில் நிறையப் பிறந்த பெண் பிள்ளைகள் இப்போது தாய்மார். ஒவ்வொருவரும் குறைவாகப் பெற்றாலும் பெறுகிறவர்கள் அதிகம். அதனால்தான் 2024-இல் வந்த ஐ.நா. கணிப்பு 2080-களின் நடுப்பகுதியில் சுமார் 1,030 கோடியில் உச்சம் வந்து, பிறகு மெல்ல இறங்கும் என்கிறது.

இனி உங்கள் பள்ளிக்கூடம். ஓர் இடத்துச் சனத்தொகை மாறுவதற்கு மூன்று வழிதான்: பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வு. உலகத்துக்கு மூன்றாவது கிடையாது, பூமியை விட்டு யாரும் வெளியே போவதில்லை. யாழ்ப்பாணத்துக்கு மூன்றாவதுதான் பெரிய விசயம். 1981 குடிசன மதிப்பீட்டில், அப்போது யாழ்ப்பாணத்தோடு சேர்ந்திருந்த கிளிநொச்சியைக் கழித்துவிட்டுப் பார்த்தால், யாழ் மாவட்டத்தில் சுமார் 7 இலட்சத்து 38 ஆயிரம் பேர். 2001-இல் இங்கே எண்ண முடியவில்லை. 2012-இல் எண்ணியபோது சுமார் 5 இலட்சத்து 83 ஆயிரம். முப்பத்தொரு வருடத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. அதே காலத்தில் முழு இலங்கையும் சுமார் 1 கோடி 48 இலட்சத்திலிருந்து 2 கோடி 3 இலட்சத்துக்கு வளர்ந்தது. போரில் இழந்த உயிர்கள், 1990-இல் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டது, 1995-இன் பெரும் இடப்பெயர்வு, அதற்கு முன்னும் பின்னும் கனடாவுக்கும் சுவிசுக்கும் லண்டனுக்கும் போனவர்கள், எல்லாம் அந்த ஒரு கழித்தலுக்குள் இருக்கின்றன. இதை எழுதும்போது மனம் கனக்கத்தான் செய்கிறது. ஆனாலும் மகன் இதை எழுதவேண்டும், வேறு மாவட்டத்துப் பிள்ளை எழுத முடியாத பகுதி இது.

இப்போது பிறப்பும் குறைகிறது, அது நாடு முழுக்க. 2019-இல் இலங்கையில் பதிவான பிறப்புகள் 3 இலட்சத்துக்கு மேல், 2023-இல் இரண்டரை இலட்சத்துக்கும் கீழே. அந்த 2023 பிள்ளைகள் தரம் 1-க்கு வருவது 2029 அளவில்தான், ஆகவே பள்ளிக்கூடத்தில் முழுக் குறைவும் இன்னும் தெரியவரவில்லை. அதோடு கிராமத்துப் பெற்றோர் பிள்ளையை வான் வண்டியில் ஏற்றி டவுன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதும் சேர்ந்துகொள்கிறது, அது சனத்தொகைக் கணக்கில் வராது. உங்கள் பாடசாலையில் எது எவ்வளவு என்பதைச் சேர்வுப் பதிவேட்டைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும்.

சரி, அபிவிருத்திக்கு வருவோம். "கீழ் நடுத்தர வருமான நாடு" என்பது உலக வங்கியின் வகைப்படுத்தல். அது பார்ப்பது தலைக்குரிய மொத்தத் தேசிய வருமானத்தை மட்டும் (நாட்டில் வசிப்பவர்களின் ஒரு வருட மொத்த வருமானத்தைச் சனத்தொகையால் பிரித்தது), அதுவும் டொலரில். 2019 ஜூலையில் இலங்கையை உயர் நடுத்தர வகைக்கு ஏற்றினார்கள், அடுத்த வருடமே இறக்கினார்கள். எவ்வளவு வித்தியாசத்தில் இறங்கியது தெரியுமா? எல்லை 4,045 டொலர், எங்கள் கணக்கு 4,020 டொலர். 25 டொலர்! அந்த ஒரு வருடத்தில் எந்த வைத்தியசாலையும் மூடப்படவில்லை. ரூபாயின் பெறுமதி விழுந்தாலே டொலர்க் கணக்கும் விழும் என்பதையும் மகன் ஒரு வரியில் சேர்க்கட்டும்.

மனித அபிவிருத்திச் சுட்டி வேறு. பாகிஸ்தானியப் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக், அமர்த்தியா சென்னின் துணையோடு, 1990-இல் கொண்டுவந்தது. ஆயுள் எதிர்பார்ப்பு, கல்வி, வருமானம் மூன்றையும் 0-க்கும் 1-க்கும் இடையில் கொண்டுவந்து சேர்ப்பார்கள். ஆயுளுக்குக் கீழ் எல்லை 20 வருடம், மேல் எல்லை 85. இலங்கைக்கு 77 என்று வையுங்கள்: 77-இலிருந்து 20 போனால் 57, அதை 65-ஆல் பிரித்தால் சுமார் 0.88. வருமானத்துக்கு மடக்கைக் கணக்கு, ஆயிரம் டொலர் இரண்டாயிரம் ஆவதும் பத்தாயிரம் இருபதாயிரம் ஆவதும் அங்கே சமம். மூன்றுக்கும் பெருக்கல் சராசரி (மூன்றையும் பெருக்கி அதன் கனமூலம்) எடுப்பதால் ஒன்று மெலிந்தால் மொத்தமும் இறங்கும். இலங்கைக்கு 0.78 அளவில் வருகிறது, 0.700-க்கு மேல் என்றால் உயர் வகை. எண்ணெய் வளமுள்ள ஈக்குவட்டோரியல் கினியாவை எடுத்துப் பாருங்கள். 2022 கணக்கில், கொள்வனவுச் சக்தியை, அதாவது நாட்டுக்கு நாடு மாறும் விலைவாசியைச் சரிசெய்தால், அங்கேயும் இங்கேயும் தலைக்குரிய வருமானம் சுமார் 12,000 டொலர்தான், ஆனால் அவர்கள் சுட்டி 0.65. அந்த இடைவெளியை நிரப்புவது 1945-இல் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியும், கிளினிக் கொப்பியோடு வாசலுக்கு வருகிற குடும்பநல உத்தியோகத்தரும்தான் என்று நான் உறுதியாகச் சொல்வேன். 1946-இல் ஆயிரத்துக்கு 20 ஆக இருந்த இறப்பு வீதம் 1947-இல் 14 ஆக விழுந்த நாடு இது. மலேரியா ஒழிப்பும், சுகாதார சேவை ஊர்களுக்குப் பரவியதும் சேர்ந்து செய்த வேலை.

இனி, பாடப்புத்தகத்தில் குறைவாகவே வருகிற ஒன்றைச் சொல்கிறேன், யாழ்ப்பாணத்துக்கு மிகவும் வேண்டியது. கனடாவில் குடியிருக்கும் அண்ணன் மாதாமாதம் அனுப்பும் காசு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் (நாட்டுக்குள் ஒரு வருடத்தில் உற்பத்தியானவற்றின் பெறுமதி) வராது. மொத்தத் தேசிய வருமானத்திலும் வராது, அவர் அங்கே வசிப்பவர் என்பதால் அது வெறும் மாற்றல் கொடுப்பனவு, அதாவது பதிலுக்கு எதுவும் வாங்காமல் கைமாறுகிற காசு. அந்தக் காசில் வீட்டுக்கு மேல்மாடி கட்டினால் மேசனின் கூலி வரும், இங்கே அறுத்த கல்லின் பெறுமதி வரும், கடைக்காரரின் இலாபம் வரும், வெளிநாட்டிலிருந்து இறக்கிய குளியலறைத் தளபாடத்தின் விலை கழிந்துவிடும். ஆகவே உங்கள் ஒழுங்கையில் மாடி வீடுகள் நான்கு எழும்பியிருந்தாலும் வட மாகாணத்தின் பங்கு நாட்டின் உற்பத்தியில் 5 சதவீதம் அளவில்தான் நிற்கிறது, மேல் மாகாணம் மட்டும் ஐந்தில் இரண்டுக்கு மேல் வைத்திருக்கிறது. வீட்டைப் பார்த்து அபிவிருத்தி என்று எழுதினாலும் பிழை, 5 சதவீதத்தைப் பார்த்து எல்லாரும் வறுமை என்று எழுதினாலும் பிழை. யாருக்கு வெளிநாட்டு உறவு இருக்கிறது, யாருக்கு இல்லை என்று பிரித்துக் கேட்டால்தான் உண்மை தெரியும். நாட்டுச் சராசரி எதுவும் அதைக் காட்டாது.

ஆகவே மகனிடம் இப்படிச் சொல்லுங்கள். தரவரிசை எண்ணைப் பாடமாக்க வேண்டாம், அது வருடா வருடம் மாறும், சில சமயம் நாங்கள் அசையாமல் நின்றாலும் மற்றவர்கள் நகர்வதால் மாறும். நாடுகளை ஒப்பிட தலைக்குரிய வருமானம், மனித அபிவிருத்திச் சுட்டி, சிசு மரண வீதம் மூன்றையும் ஒரே ஆண்டுக்கு எடுத்து ஒரு அட்டவணை. சிசு மரணத்தைக் கட்டாயம் சேர்க்கட்டும். குடிநீர், தாயின் படிப்பு, வைத்தியசாலைக்குப் போகிற பாதை, எல்லாம் அந்த ஒரு எண்ணில் தெரியும், இலங்கையில் அது உயிரோடு பிறக்கும் ஆயிரம் பிள்ளைக்கு ஒற்றை இலக்கத்தில் இருக்கிறது. ஊர்ப் பகுதிக்கு மாவட்டச் செயலகத்தின் புள்ளிவிபரக் கைநூலைப் பார்க்கலாம், பிரதேச செயலகத்திலும் கேட்டால் காட்டுவார்கள். நீங்கள் படித்த பாடசாலை அதிபரிடம் அனுமதி வாங்கி, கடந்த இருபது வருடத்தில் தரம் 1-இல் சேர்ந்த பிள்ளைகளின் தொகையை மட்டும், பெயர் ஒன்றும் இல்லாமல், வருடவாரியாக எழுதி வரட்டும். அதற்குப் பக்கத்தில் இலங்கையின் பிறப்புத் தொகையை ஆறு வருடம் பின்தள்ளிப் போட்டு ஒரே வரைபில் இரண்டு கோடு கீறினால், எவ்வளவு பிறப்புக் குறைந்ததால், எவ்வளவு ஊரைவிட்டோ டவுன் பள்ளிக்கூடத்துக்கோ போனதால் என்று ஓரளவுக்குப் பிரித்தே சொல்லலாம்.